புயலுக்கு வேறு இலாகா

ஐப்பசி 18, வியாழன்

காற்று ஓய்ந்தது. தூறல் நிற்கவில்லை. எண்ணூர் முகாமில் எங்கள் வரிசையில் ஒரு கூரைகூட மிச்சமில்லை. ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தகரப்பெட்டிக்குள்ளும் தண்ணீர். மகள் செல்விக்கு உலர்ந்த பாவாடை ஒன்றுதான்.

நேற்று இரவு மீனவர் குப்பமே ஓடிவந்து எங்கள் முகாம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது. இந்தப் பக்கத்தில் சுவர் வைத்த கட்டடம் அது ஒன்றே. இருந்த அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். மீன் விற்கும் எல்லம்மாவின் கட்டுமரம் போய்விட்டது. அழவில்லை. பிள்ளைகளின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

வாங்க வேண்டியவை: கீற்று, கயிறு, உப்பு, இருமல் மருந்து. தீப்பெட்டி ஆலைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் என் இடத்தில் வேறொருத்தி.

வெள்ளி

லேசான வெயில். குப்பத்துக்கு அரிசி லாரி. நாங்களும் பாத்திரத்தோடு போனோம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நிறுத்திவிட்டார். நாங்கள் பர்மாக்காரர்களாம், எங்களுக்கு வேறு இலாகாவாம். அங்கே எங்களைக் 'கலா' என்றார்கள், அந்நியர் என்று. இங்கே பர்மாக்காரர். என் அப்பா பிறந்தது பரமக்குடிப் பக்கம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வெறும் பாத்திரத்தோடு திரும்பி நடந்தோம்.

சனி

பஸ்ஸில் பாரிமுனை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கான மறுவாழ்வு அலுவலகம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். புயல் நிவாரணம் அவர் இலாகா இல்லையாம். ஆனால் கடலை விட்டு உள்ளே தள்ளிப் புது முகாம் திறக்கிறார்களாம், கல் உடைக்கும் வேலையாம். போக ஒப்புக்கொண்டால் அரிசி, குடிசை எல்லாம் உடனே. இங்கேயே இருந்தால் தொழில் கடன் கிடையாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து ஈர மணலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"போயிடலாம் ஜெயம். எத்தனை தடவைதான் கட்டுறது?"

"அங்கயும் ஒரு நாள் வந்து எந்திரிங்கன்னு சொல்லுவாங்க."



ஞாயிறு

புழுக்கம். காலையில் ஆளுங்கட்சி ஜீப், மாலையில் மற்றது. ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று போன தேர்தலில் சொன்னவர்கள்தான் இப்போது ஆளுங்கட்சி. மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எதிர்க்கட்சிக்காரரும் மனுதான் கேட்டார்.

பிறகு குப்பத்துக்குப் போனேன். நாளை தாசில்தார் அடுத்த அரிசி லாரியோடு வரும்போது எங்களுக்கும் சேர்த்துக் கேட்பீர்களா என்றேன். பங்கு போட்டால் தங்களுக்குக் குறையும் என்று ஆண்கள் நேராகவே சொன்னார்கள். எல்லம்மா சிக்கிய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. கோபத்தோடு வந்துவிட்டேன்.

நாளை முகாம் பெண்கள் எல்லோரும் லாரி முன்னால் உட்காருவது. குடிசை குடிசையாய்ப் போய்ச் சொல்லியாகிவிட்டது.

திங்கள்

உட்கார்ந்தோம். தாசில்தார் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். எழவில்லை. குப்பத்துப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். எல்லம்மா வந்தாள். கையை நீட்டவில்லை.

"பொயலு அன்னிக்கு எங்க புள்ளைங்க இவங்க காச்சின கஞ்சியத்தான் குடிச்சுதுங்க. இவங்களுக்கும் குடு சார், அப்பால நான் வாங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நேற்று ஏன் பேசவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

குப்பத்தில் சிலர் வாங்கிக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் நகரவில்லை. தாசில்தார் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி ஏறினார். வெயில் உச்சிக்கு வந்த பிறகு முகாமுக்கும் அரிசியும் துணியும் கொடுக்கச் சொன்னார். குடிசைப் பணத்துக்கு மேலதிகாரிகளைக் கேட்க வேண்டுமாம்.

புது முகாமுக்கு யார் யார் என்று கேட்டார். சில குடும்பங்கள் கை தூக்கின. குற்றம் சொல்ல முடியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் போனார்.

"நாங்க போகல சார். கடன் வேண்டாம்."

திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கடப்பாரை யாரிடம் கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்

வானம் தெளிவு. செல்விக்கு இருமல் குறைவு. ஆலையில் இன்று சேர்த்துக்கொண்டார்கள், அபராதமாக ஒரு நாள் கூலி பிடித்தம். எல்லம்மா வீட்டுக்காரர் மூங்கில் கொண்டுவந்து போட்டார்.

மாலையில் நானும் என் வீட்டுக்காரரும் குடிசைக் கம்பத்துக்குக் குழி தோண்டினோம். தண்ணீர் ஊறியது. மூடிவிட்டு இரண்டடி தள்ளித் தோண்டினோம்.