நடுச்சுவர்

அன்புள்ள அப்பா,

பக்கத்து அறையில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறீர்கள்.

ஐந்தில் ஒரு வீட்டை வசதி குறைந்தவர்களுக்குக் குறைந்த விலைக்குத் தரவேண்டும் என்பது நகரமைப்பு விதி. நாம் கட்டி விற்கும் அடுக்குமாடியில் நீங்கள் அதை மீறவில்லை. அந்த வீடுகளை மட்டும் சுவர் வைத்துப் பிரித்து, பின்சந்தில் தனி கேட் போட்டீர்கள்.

அந்த வீடுகளுக்கான குலுக்கலில் நம் டிரைவர் அண்ணனுக்கு ஒரு வீடு விழுந்தது. சாவி வாங்கிய அன்று உங்களை முன்வாசலில் இறக்கிவிட்டு, தன் வீட்டைப் பார்க்கப் பின்சந்து வழியாகச் சுற்றி நடந்தார். நானும் கூடப் போனேன்.

"கஷ்டமா இருக்காண்ணா?"

"அதெல்லாம் இல்ல பாப்பா. பிள்ளைங்க இருட்டுல வர்ற வழி. ஒரு லைட்டு மட்டும் போடச் சொல்லுங்க ஐயாகிட்ட."

நான் லைட்டைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லை. மறுநாளே மேஸ்திரியை அழைத்துச் சுவரை இடிக்கவைத்தேன். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை. இனி முன்பக்க வீடுகள் விலைபோகாது என்று அம்மாவிடம் புலம்பினீர்களாம். போகாமலும் இருக்கலாம்.

நேற்று அடுக்குமாடியில் டிரைவர் அண்ணனின் சின்ன மகள் முன்வாசலில் லிஃப்ட் பொத்தான் எட்டாமல் குதித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் குனிந்து, "எந்த மாடிம்மா?" என்று கேட்டு அழுத்திவிட்டீர்கள். படிக்கட்டிலிருந்து பார்த்தேன்.

என்னிடமும் ஏதாவது கேளுங்கள், அப்பா.

உங்கள் மகள்