வயதுக்கேற்ற அளவு

பெப்ரவரி 3, திங்கள்

கண்டியில் விடாத மழை. அம்மாவின் தண்டுவட நீர் 'ராசம்மா' என்ற பெயர்ச்சீட்டோடு இன்று ஆய்வுகூடத்துக்கு வந்துவிட்டது. மூளையைச் சுற்றியிருக்கும் நீர். பார்க்க வெறும் தண்ணீர்தான். அதிலுள்ள புரதங்களை அளந்து, மூளை எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று மதிப்பிடுவதே எங்கள் ஆய்வு. என் தாயின் மாதிரி உள்ள குழாய் என்பதால், ஆய்வை நடத்தும் டாக்டர் நிலக்ஷி என்னைத் தொட விடவில்லை. சரிதான்.

முதுகில் ஊசி என்றால் தோட்டத்து ஆட்கள் பயப்படுவார்கள், முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் அம்மாவைச் சேர்த்ததாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்: பயத்தில் சேர்த்தேன். பொங்கலன்று அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, அவள் லயத்தில் பக்கத்துக் குடும்பத்தின் காம்பராவில் போய் உட்கார்ந்திருந்தாள். அது யார் வீடு என்று கேட்டேன். சிரித்தாள்.

பெப்ரவரி 12, புதன்

முடிவு வந்துவிட்டது. அம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது. மூளையும் அந்த வயதுக்கேற்ற அளவில்தான் இருக்கிறதாம்.

"கொஞ்சம் மறதி இந்த வயசுக்குச் சாதாரணம், கிருஷாந்தி. தைரியமா யப்பானுக்குப் போங்க" என்றார் டாக்டர்.

கழிவறைக்குள் போய் அழுதேன். ஏப்ரலில் பயணம். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு எப்படி மூன்று வருடம் படிப்பது என்றுதான் இத்தனை நாள் இழுபறி. இனி என்ன? போகலாம்.

பெப்ரவரி 13

நன்றாகத் தூங்கினேன்.

பெப்ரவரி 22, சனி

தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். யப்பான் செய்தி கேட்டு என்னைப் பார்க்க உடப்புசல்லாவையிலிருந்து செல்லசாமி மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். இந்த மாதம் தனக்கு அறுபத்தைந்து முடிகிறது, முழங்கால் ஏற்றம் ஏற மாட்டேன் என்கிறது என்று புலம்பினார். எனக்குக் கணக்கு இடித்தது. அம்மாவுக்கு அறுபத்தொன்பது என்றால் இவரை ஏன் 'அண்ணே' என்று கூப்பிடுகிறாள்? பிறந்ததிலிருந்து காதில் விழும் சொல். ஒருநாளாவது யோசித்தேனா? பெரிய ஆராய்ச்சிக்காரி!

கேட்டேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவை மாமா ஒருமுறை பார்த்தார்.

"ராசம்மாங்கறது எங்க மூத்த அக்கா பேரு. காய்ச்சல்ல போயிருச்சு. பஞ்ச காலம் புள்ள. அக்காவோட பொறப்புப் பத்திரத்தக் காட்டித்தான் ஒங்கம்மாவத் தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சோம். அப்ப அவளுக்குப் பதினொரு வயசு. பேர் எழுதுன தோட்டத்துக் கண்டாக்கையாவுக்கும் தெரியும். அந்தக் காலத்துல யாரு கேட்டா?"

அம்மாவின் உண்மைப் பெயர் பவளமாம். வயது அறுபத்திரண்டாம்.

அறுபத்தொன்பதுக்குச் சரியான மூளை, அறுபத்திரண்டு வயதுக்காரியின் தலைக்குள். இது சாதாரணமில்லை. ஐயோ, இத நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?

பெப்ரவரி 24, திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். வயதைத் திருத்தி மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது, ஆனால் உடனே நரம்பு வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றார். யப்பான் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அம்மாவிடம் வயது விஷயத்தை மட்டும் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். லயத்தின் கடைசியில் இருக்கும் வினோதா வீடுவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"அப்ப நான் இன்னும் ஏழு வருசம் கூட இருப்பேன்ல?"

"இருப்பீங்கம்மா" என்றேன்.

அதில் எத்தனை வருடம் என்னைத் தெரிந்திருக்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது.

வரவில்லை என்று யப்பானுக்கு நேற்றே எழுதிவிட்டேன். இந்த வாரம் கண்டி அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவிடமே வந்துவிட வேண்டும்.