பிளாட்போமில் விட்ட பூசணிக்காய்

வெம்பிளி
29.10.1991

அன்பு மகன் குகதாசனுக்கு,

அம்மா சுகமாக வந்து சேர்ந்தேன். ரெலிபோனில் ஒன்றும் கதைக்கவேண்டாம் என்று நீ சொன்னபடியால் எழுதுகிறேன். என்னை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் மறித்தார்கள். ஆனாலும் ஆரையும் பிடித்து எழுதுவிக்கவேண்டிய நிலை எனக்கு இன்றுவரை வரவில்லை.

உன் தங்கச்சி அருள்மலர் கதவைத் திறந்ததும் கேட்டாள், "என்னம்மா, அண்ணை உங்களைப் பெட்டியோட அனுப்பிப்போட்டார்? மருமகளோட சண்டையோ?" என்று. மறைக்க ஏலுமா? சொன்னேன்.

பேத்தி நீலாவின் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பூசணித் தோட்டம் பார்த்துவிட்டார்கள் என்று அவள் அழுதாள். மருமகள் சிவமலருக்கு ஷிப்ட் வேலை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் பிள்ளையும் செவன் கிங்ஸில் ரெயில் ஏறி, இறங்கி, பஸ்சும் பிடித்துப் போனோம். பிள்ளை ஆசைப்பட்ட காயை என் பைக்குள் வைத்து நான்தான் சுமந்தேன். திரும்பி வர அந்தச் சின்ன ஸ்டேசனில் நிற்கும்போது ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பதிந்து வந்தது. ஹெலிச் சத்தம் கேட்டதும் எனக்கு அறிவு கெட்டுப்போச்சு. பையைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே ஓடினேன். நீங்கள் இரண்டு பேரும் என்னைத் தேடி வந்தீர்கள். திரும்பிப் போனால் பொலிஸ் வாசலை மறித்து நிற்கிறது. ஆரோ விட்ட பையாம், குண்டாக இருக்குமாம். இந்த ஊரிலும் ஸ்டேசனில் குண்டு வைக்கிறார்கள் என்று நான் கண்டேனா? வாய் திறவாமல் பஸ் ஏறி வந்துவிட்டோம்.

இப்படித்தான் அருள்மலருக்குச் சொன்னேன். ஆர் கேட்டாலும் நீயும் இப்படியே சொல்லு. ஓடினது அம்மா.

தபால் விழுகிற சத்தத்துக்கும் நெஞ்சு திடுக்கிடுகிறது. நீலாவுக்கு அப்பம்மாவின் கொஞ்சல்.

அம்மா கமலாம்பிகை


செவன் கிங்ஸ்
31.10.91

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாசித்ததும் கிழித்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கோ.

நேற்று வேலையால் வரும்போது எங்கள் ரோட்டில் பொலிஸ் கார் ஒன்று நின்றது. நான் வீட்டுக்குப் போகாமல் அடுத்த ஸ்டேசன் குட்மேய்ஸ் வரை நடந்தேன். திரும்பி வர அது இல்லை. ஆரோ நிற்பாட்டிய காரை இடித்துவிட்டார்களாம்.

12ஆம் திகதி எனக்கு அகதி விசாரணை. மூன்று வருசம் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்கு. தமிழன், ஸ்டேசன், பை, குண்டு. இந்த நாலு சொல்லையும் ஒரு ஒபிசர் ஒரே கடதாசியில் எழுதினால் போதும், எங்கள் எல்லாரையும் பிளேனில் ஏற்றிவிடுவான். பைக்குள் எங்கள் பேர் உள்ளது ஏதும் இருந்ததா? உண்மையைச் சொல்லுங்கோ.

நீலா ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடிக்கிறாளில்லை. சிவமலர் ஏன் என்று கேட்கிறாள். குளிராக்கும் என்றேன்.

விசாரணை முடியும்வரை அங்கேயே இருங்கோ.

மகன் குகன்


வெம்பிளி
2.11.1991

அன்பு மகனுக்கு,

நீ கேட்டதற்கு முதல் நாளே நான் சொல்லியிருக்கவேண்டும். பயத்தில் விட்டுவிட்டேன். பைக்குள் பூசணிக்காய், என் கம்பளிச் சட்டை, மருந்து. அதோடு உன் சின்னம்மா சாவகச்சேரியிலிருந்து போட்ட கடிதம். பஸ்சில் இன்னொருக்கால் வாசிப்பம் என்று கொண்டுபோனேன். கவரில் உன் பேரும் வீட்டு நம்பரும் இருக்கிறது.

அதை நினைத்தால் சோறு இறங்குதில்லை. வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறேன். நேற்று வந்தது பால்காரன். அருள்மலர் சிரித்தாள், பிறகு அழுதாள்.

அவர்கள் உன்னைத் தேடி வர முதல் நான் போய்ச் சொன்னால் என்ன? கிழவி ஒருத்தி ஹெலிக்குப் பயந்து பையை விட்டுவிட்டாள். அவ்வளவுதானே. உன் தலையில் ஒன்றும் விழாது. செவ்வாய்க்கிழமைக்குள் பதில் போடு.

அம்மா


செவன் கிங்ஸ்
4.11.91

அம்மா,

போகவேண்டாம். அவர்கள் அதோடு விடமாட்டார்கள். கூட ஆர் நின்றது, பிள்ளை எங்கே நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். நீங்கள் போனால் இந்த வீட்டுக்குத் திரும்பி வரவேண்டாம்.

குகதாசன்


வெம்பிளி
6.11.1991

மகனுக்கு,

போனேன்.

நேற்றுப் பொழுதுபட இந்த ஊரார் ஏதோ தங்கள் கொண்டாட்டமென்று வாணவெடி கொளுத்தினார்கள். உன் கடிதத்தை மடிக்குள் வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். இப்படியே கிடந்து சாகிறதோ என்று யோசித்தேன். காலையில் நல்ல சேலையாக எடுத்து உடுத்தேன்.

அருள்மலர் ரோட்டில் ஓடி வந்து மறித்தாள். "அம்மா, என்ன விசர் வேலை இது!"

"நீ இங்கிலிசைப் பார். மிச்சத்தை நான் பாக்கிறன்."

பொலிஸ் ஸ்டேசனில் நரைத்த தலையோடு ஒரு பொம்பிளைப் பொலிஸ். ஹெலிக்கு ஏன் பயந்தனீங்கள் என்று கேட்டாள். அதைச் சொல்ல அருள்மலருக்கு வாய் வரவில்லை. செத்தவர் அவளுக்கும் அப்பாதானே. நான் மேசையிலிருந்த பேனையை எடுத்து ஒரு தாளில் படம் கீறினேன். மேலே ஹெலி. கீழே தோட்டம். தோட்டத்துக்குள் ஒரு ஆள் விழுந்து கிடக்கிறார். பொலிஸ்காரி அந்தத் தாளைக் கனநேரம் பார்த்தாள். பிறகு எழும்பி உள்ளே போய் ஆருக்கோ ரெலிபோன் எடுத்தாள். அந்தக் கால் மணித்தியாலம் என் ஆயுளில் பத்து வருசம்.

பையை அன்றைக்கே பிளாட்போமில் வைத்து வெடிக்கவைத்துவிட்டார்களாம். கடதாசி ஒன்றும் மிஞ்சவில்லையாம். எங்கு பார்த்தாலும் பூசணிக்கொட்டையாம். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கூட ஆர் வந்தது?" என்றாள்.

"பேத்தி மட்டும்," என்றேன். என் பேரையும் அருள்மலர் வீட்டு விலாசத்தையும் எழுதினாள். இனிக் கவனம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உன் பேர் எங்கேயும் இல்லை.

இனி எழுதுவது உனக்கு மட்டும்.

ஓடினது நான் இல்லை, குகன். ஹெலிச் சத்தம் கேட்டதும் நீலாவின் கையை உதறிவிட்டு நீதான் ஓடினாய். பிள்ளை பிளாட்போம் விளிம்பில் தனிய நின்றாள். அவளைத் தூக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. அதனால்தான் பையைக் கீழே வைத்துவிட்டு அவளோடு உன்னைத் தேடி வந்தேன்.

உன் அப்பாவை ஹெலி சுட்டபோது மிளகாய்க் கன்றுகளுக்குள் அவருக்குப் பக்கத்தில் கிடந்தவன் நீ. உன் கால் ஓடினதற்கு நான் உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் கண்ட என்னை வெம்பிளிக்கு அனுப்பிவிட்டால் அது நடக்காததாகிவிடுமா? பிள்ளையும் கண்டவள்தானே. அவளை எங்கே அனுப்புவாய்? அவளுக்கு நீதான் சொல்லவேண்டும்.

வரவேண்டாம் என்றாய். நீயாக வந்து கூப்பிடாமல் அந்தப் படி ஏறமாட்டேன்.

கமலாம்பிகை


செவன் கிங்ஸ்
8.11.91

அம்மா,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

நேற்றுச் சிவமலருக்குச் சொன்னேன், பிள்ளையின் கையை விட்டது நான் என்று. அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். எழும்பிப் போகவில்லை.

நீலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "தெரியும்," என்றாள். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமையை நினைக்க இன்னும் பயம். ஹெலி என்ன செய்தது என்று அங்கே என்னைக் கேட்பார்கள். நீங்கள் கீறிக் காட்டினதை நான் வாயால் சொல்லவேண்டும். ஏலுமோ தெரியாது. நீங்கள் வீட்டில் இருந்தால் ஏலும் போல இருக்கிறது. அனுப்பினதற்கு என்னை மன்னியுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வாறேன். பெட்டியைக் கட்டி வையுங்கோ.

இன்று பள்ளிக்கூட வாசலில் நீலாவிடம் கேட்டேன், "அப்பம்மாவைக் கூட்டிவரப் போவமா? ரெயில்ல?"

"ஹெலி வந்தா?"

"உன்னைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவன்."

"பாப்பம்," என்றாள்.

குகன்