ஓரத்தைத் தின்ற மெஷின்

மகளுக்கு,

நான் கிளினிக்குப் போயிருந்தபோது, கேட்காமல் என் மிதி தையல் மெஷினைக் கொத்மலையில் இருக்கும் உன் மாமியாருக்குக் கொடுத்தது அநியாயம். "ஒங்க காலுக்கு இனி மிதிக்கிறது ஆகாதும்மா" என்று பிறகு போனில் சொன்னாய். என் காலைப் பற்றி உன்னிடம் யார் கேட்டது?

அதற்குப் பதிலாக நீ வைத்துப்போன ஓவர்லொக் மெஷின் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிறது. பள்ளிக்கூடத்தில் சீருடைத் துணி வருசத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது. பிள்ளை வளரும்போது பிரித்துவிட, நான் எப்போதும் உள்ளே துணி விட்டுத் தைப்பேன். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் கிருஷாந்தி, ஓவர்லொக்கில் நான் தைத்துக் கொடுத்து, மகளுக்கு இறுகிப்போன சீருடைக் கவுனோடு வந்தாள்.

"பிரிச்சு விட ஒண்ணுமே இல்லையே பெரியம்மா. ஒங்க மக குடுத்த மெஷினு தின்னுருச்சா?"

லயமே சிரித்தது. அதன்பிறகு ஒருவரும் துணி கொண்டுவரவில்லை.

ஓவர்லொக்கை உன் மாமியார் வைத்துக்கொள்ளட்டும். உன் வீட்டுக்காரர் என் மெஷினை இங்கே வரும் லிந்துலை பஸ்ஸில் ஏற்ற வேண்டும். கிருஷாந்திக்குப் புதுத்துணியை நீ வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆள் அனுப்பாமல் நீயே வந்து, மெஷினை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

மிதிக்கக் காலில் பலமுள்ள,
உன் அம்மா