டாக்டர் குரலில் விட்ட புளுகு

ஆகஸ்ட் 12, புதன்

தட்டம்மை ஊசி போட்டால் குழந்தைக்குப் பேச்சு வராது என்று டாக்டர் குரலில் நான் விளையாட்டாகப் பேசி வாட்ஸப்பில் விட்டது, மலையெல்லாம் சுற்றிச் சித்தி போனுக்கே வந்துவிட்டது. இன்று நர்ஸ் அக்கா ஊசிப் பெட்டியோடு வந்ததும், சித்தி பாப்பாவோடு சாமைக் கொல்லைக்குள் ஓடிவிட்டாள். துரத்திப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அது பெரிய டாக்டருடீ! உனுக்கு இன்னா தெரியும்?"

அதே குரலில், "வணக்கம், டாக்டர் பேசுகிறேன்" என்றேன். முதுகில் நாலு விழுந்தது. டாக்டருக்கே வைத்தியம்!

சித்தியும் பாப்பாவும் நானும் திரும்பும்வரை நர்ஸ் அக்கா போகாமல் காத்திருந்தார். "வா டாக்டரம்மா, பாப்பா கையைப் புடி" என்றார், அவ்வளவுதான். ஊசி போட்டாயிற்று. அக்காவுக்கும் அடித்த சித்திக்கும் கோடி நன்றி.

விடிந்ததும் சிக்னல் கிடைக்கும் பாறையேறி, என் பெயரைச் சொல்லி, அது பொய் என்று போட வேண்டும். இன்னும் எந்தச் சித்தி எந்தக் கொல்லையில் ஒளிந்திருக்கிறாளோ.