டைகருக்குப் போட்ட கழுத்துப்பட்டை

புரட்டாசி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஐந்து நாளாக டவுன் பஸ் இல்லை. நான் வேலை பார்க்கும் பால்வாடி பூட்டியே கிடக்கிறது. பிள்ளைகளுக்கு வைத்திருந்த சத்துமாவில் புழு வந்திருக்கும்.

கச்சிராயபாளையம் ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரம் இன்னும் அங்கேயே. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலுக்கு என் வீட்டுக்காரர் போனது நிஜம். ரோட்டில் உட்கார்ந்ததும் நிஜம். மரத்தில் கை வைக்கவில்லை. ஆனால் மரம் வெட்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறதாம். நேற்றுப் பின் தெருவில் மூன்று பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர் நம் கரும்புக்குள்தான் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே. பத்து மாதக் கரும்பு, ஆள் நின்றால் தெரியாது. எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும்.

டைகருக்கும் தெரியும். அதுதான் பயம். வரப்பில் நின்று கரும்பைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கிறது. கட்டிப்போட்டால் கட்டின இடத்திலிருந்து அதே பக்கம் பார்த்துக் கத்துகிறது. புல்லுக்குப் போன பக்கத்து வீட்டு வள்ளி நின்று கேட்டாள். "இன்னாக்கா, கரும்பப் பாத்தே கொலைச்சிக்கினு கீது, பன்னி கின்னி பூந்துச்சா?"

பன்னிதான் என்றேன்.

புரட்டாசி 6, செவ்வாய்

மழை விட்டது. புல் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனது: கஞ்சித் தூக்கு, ஊறுகாய், தீப்பெட்டி, பழைய போர்வை. கரும்புச் சோகை அறுத்து அவர் முகமெல்லாம் கோடு.

அத்தை அரிசி புடைத்தபடி, தலை நிமிராமல் சொன்னார்கள். "சோத்துல மருந்து உருண்ட ஒண்ணு வச்சி முடிச்சிடலாம். நாயி போனா நாயி. புள்ள போனா வருமா."

பீரோ மேல் தட்டில் இருந்த நாய்க் கழுத்துப்பட்டை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தோட்ட வேலை செய்யும் பெரிய மச்சான் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்தது. அந்த வீட்டு நாய்க்குப் போட்டதாம். கறுப்பு வார், அதில் சின்னப் பெட்டி, பெட்டியில் இரண்டு இரும்பு முனை. முனை தொண்டையில் படும்படி கட்டினால், நாய் குரைக்கும்போது தொண்டை அதிரும், உடனே ஷாக் அடிக்கும். நாலு நாளில் குரைப்பதை மறந்துவிடும் என்று சிரித்தபடி சொன்னார். இங்கே யாருக்கு வேண்டும் என்று மேலே போட்டுவிட்டோம்.

டிரான்சிஸ்டரில் இருந்த சதுர பேட்டரியை எடுத்துப் போட்டேன். இனி செய்தியும் கேட்க முடியாது.

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு என் தொண்டையில் வைத்து "ஏய்" என்றேன். தேள் கொட்டினதுபோல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் செய்யப் போகிறேன்.

புரட்டாசி 7, புதன்

வெயில். காலையில் கட்டினேன். டைகர் வாலை ஆட்டிக்கொண்டே கழுத்தைக் காட்டியது.

முதல் தடவை குரைத்ததும் துள்ளி விழுந்தது. யாரோ கடித்த மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. இரண்டாம் தடவை என்னைப் பார்த்தது. அதன்பின் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சாயங்காலம் வாய்க்கால் கரையில் ஜீப் போனபோது ஊர் நாயெல்லாம் கத்தின. டைகர் கட்டிலுக்கு அடியில் படுத்து, சத்தமில்லாமல் உடம்பை மட்டும் உதறியது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

புரட்டாசி 9, வெள்ளி

டைகர் இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. பட்டையைக் கழற்றலாமா என்று கேட்டேன். அத்தை வேண்டாம் என்றார்கள்.

கஞ்சி கொண்டுபோனபோது அவர் கண் சிவந்து கிடந்தது. டைகர் சத்தமே இல்லையே என்று கேட்டார். வீட்டுக்குள் கட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.

"அது கொலைச்சிக்கினு இருந்தவரைக்கும் ஆளு வந்தா தெரியும்னு தூங்கினேன். இப்ப சோக அசைஞ்சாக்கூட பயமா கீது, கமலா."

இது எனக்குத் தோன்றவே இல்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அங்கே போய்விடவா என்று கேட்டார். வழியெல்லாம் போலீஸ், இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேனோ.

புரட்டாசி 10, சனி

எழுத உட்கார்ந்து இது மூன்றாவது முறை.

பதினோரு மணி இருக்கும். உளுந்து கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால் வாசலில் நாலு போலீஸ். ஜீப்பைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். டைகரிடமிருந்து ஒரு குரைப்பு இல்லை. குதிர், பரண், மாட்டுக்கொட்டகை எல்லாம் பார்த்தார்கள். எஸ்.ஐ. வயதானவர், கத்தவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"ஊர்ல இருக்கிற நாயெல்லாம் எங்களப் பாத்து கொலைக்குது. உங்க வூட்டு நாய் மட்டும் ஏம்மா வாயத் தொறக்கல?"

அத்தைக்கு உடம்பு சரியில்லை, தூக்கம் கெடுகிறது, அதற்குத்தான் இந்தப் பட்டை என்றேன். அத்தை இருமினார்கள். எஸ்.ஐ. பட்டையைத் தடவிப் பார்த்தார். பக்கிளைக் கழற்றினார்.

"போ" என்றார் டைகரைப் பார்த்து.

டைகர் மெதுவாக வெளியே வந்தது. நேராக வரப்புக்குப் போனது. கரும்பைப் பார்த்து நின்றது. குரைக்கவில்லை. வாலை மட்டும் ஆட்டியது. நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

இரண்டு பேர் உள்ளே இறங்கினார்கள். சோகை முறியும் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரமோ. சாக்கும் கஞ்சித் தூக்கும் போர்வையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆள் இல்லை.

"இங்கதான் இருந்திருக்கான். நீயே கொண்ணாந்து ஒப்படைச்சிடும்மா, நல்லது" என்றார் எஸ்.ஐ. பட்டையைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

கரும்புக்குள் இருந்தவர் எங்கே? தெரியவில்லை.

புரட்டாசி 13, செவ்வாய்

கரும்பு வெட்டும் கத்தியால் பட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பைக்குழியில் புதைத்தேன். டைகர் தொண்டையில் இரண்டு புண். மஞ்சள் குழைத்துப் போடப் போனால் நடுங்குகிறது. குரைக்கச் சொன்னேன், "கொலைடா" என்று. "கொலை, ஒண்ணும் ஆவாது." வாயைத் திறந்து மூடிக்கொண்டது.

மத்தியானம் மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்த அம்மா அரைப்படி அளந்தபடியே அத்தையிடம் மெதுவாகச் சொன்னார்கள். "ஒங்க புள்ள எங்க ஊர்லதான் கீறாரு. சாமைச்சோறு துன்றாரு. பயப்படாதீங்க."

அத்தை அழுது பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஐப்பசி 4, புதன்

பஸ் ஓடுகிறது. பால்வாடி திறந்து பத்து நாள். கள்ளக்குறிச்சி வக்கீல் முன்ஜாமீன் வாங்கிவிட்டார். அவர் மத்தியான டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். தாடி. பாதி ஆளாகிவிட்டார்.

போலீஸ் வந்த அன்றைக்கு விடியும் முன்பே கிளம்பிவிட்டாராம். டைகர் சத்தம் இல்லாமல் அங்கே படுக்கவே முடியவில்லை, அதனால்தான் என்றார். "அது எப்பவும்போல கொலைச்சிக்கினு இருந்திருந்தா அங்கியே தூங்கி மாட்டியிருப்பேன்." அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டைகர் அவர் காலடியில் புரண்டது. சத்தம் மட்டும் இல்லை. இதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். போலீசைப் பார்த்துப் பயந்துபோய்விட்டது என்றேன்.

ராத்திரிச் சோறு நான் கொண்டுபோய் வைத்தால் டைகர் தட்டை விட்டு எழுந்து, சுவரோரம் ஒடுங்கி, நான் போகும்வரை பார்க்கிறது. இனிமேல் நீங்களே வையுங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார்.