சூசை பெரியப்பா சிலுவையில் அப்பாவின் பெயர்

அன்பு மகன் அந்தோணி பிரகாஷுக்கு, ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், அப்பாவின் சட்டைப்பையில் நெடுங்காலம் குடியிருந்த பீடிக்கட்டு சென்ற வாரம் இறைவனில் துயில் கொண்டது. அடக்கம் குப்பைத்தொட்டியில் நடந்தது. தீப்பெட்டி மட்டும் விதவையாக அடுப்படியில் இருக்கிறது. மற்றபடி இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறோம்.

அப்பா சொல்லச் சொல்ல எழுதத்தான் உட்கார்ந்தேன் அண்ணா. "மகன் சுகமான்னு கேளு, மிச்சத்த நீயே எழுதுடா, போன்ல இதெல்லாம் பேச எனக்கு வாய் வரல" என்று எழுந்துவிட்டார். ஆகவே இனி உன் தம்பி மரிய ஆனந்தின் ஆட்சி. கல்லறைத் திருநாளுக்கு வழக்கம்போல் சுண்ணாம்பு அடித்து, சிலுவைகளில் மங்கிய எழுத்துக்கு அப்பா கறுப்புப் பெயின்ட் பூசினார். நானும் வழக்கம்போல் பஸ் கண்டக்டர் மாதிரி பெயர்களைக் கூவிக்கொண்டு வந்தேன். தாத்தா பெயரைக் கூவினேன். அடுத்த சிலுவையில் சூசை பெரியப்பா இறந்த தேதிக்கு மேலே ஈரம் காயாமல் இருந்த பெயரையும் கூவினேன்: சின்னப்பன். கூவிய பிறகுதான் அது அப்பாவின் பெயர் என்று என் காதில் விழுந்தது. காற்றே இல்லை, மெழுகுவத்திகள் எல்லாம் அப்பா பக்கமாகச் சாய்ந்து எரிந்தன. அம்மா பெயின்ட் டப்பாவைப் பிடுங்கினாள். "நான் சூசைன்னுதானே எழுதினேன்" என்று அப்பா தூரிகையைப் பார்த்தார், அது யாருடைய கை என்பதுபோலத் தன் கையையும் பார்த்தார்.

தாத்தாவும் பெரியப்பாவும் போனது புராஸ்டேட் புற்றுநோயில் என்று உனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி நீ எத்தனை முறை கெஞ்சினாய். கல்லறைத் திருநாள் அன்றிலிருந்து அப்பா, "பேரே எழுதியாச்சு, இனி ரத்தத்தப் பாத்து என்னாவறது" என்றார். தூக்கத்திலிருந்து மறுபடி மறுபடி எழுந்தார். ஏன் என்று அம்மா கேட்டால், "சூசை கூப்புடறான், போய்ட்டு வந்துடறேன்" என்பார், கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். காரிமங்கலம் சந்தையில் காய்க்கார தீர்த்தம்மாளிடம், "அடுத்த வாரம் எனக்கு எடுத்து வெக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். தன் கைக்கடிகாரத்தை என் கையில் கட்டினார். ரொம்ப நாளாக நான் கேட்ட கடிகாரம்தான், கையில் ஏறியதும் ஐஸ் மாதிரி இருந்தது.

அப்போதுதான் அடியேன் களத்தில் குதித்தேன். வக்கீல் மாதிரி வாதாடி, வாய்தா கொடுக்காமல் அவரைத் தருமபுரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "சுரப்பி வீங்கி இருக்குதுங்க, வயசானா பல பேருக்கு வரும், அதான் ராத்திரி ஒண்ணுக்கு அடிக்கடி எழுப்புது, உங்க அண்ணன் இல்ல" என்றார். ரத்த முடிவில் இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அப்பனுக்கும் அண்ணனுக்கும் வந்திருப்பதால் இவருக்கு வாய்ப்புக் கூடுதல், ஆனால் அது தீர்ப்பு இல்லை, சொன்ன காலத்தில் வந்து பார்க்க வேண்டும் என்றார். பீடியை விடணும், தொப்பையைக் குறைக்கணும், தினமும் வேர்க்க நடக்கணும், கொழுப்புக் கறி குறைத்துக் காய் கூட்டணும், இதெல்லாம் வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆபத்தைக் குறைக்க நம் கையில் இருப்பது இவ்வளவுதான், வராமல் தடுக்கும் சத்து மாத்திரை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள் என்றும் சொன்னார். இப்போது அப்பா நன்றாகத் தூங்குகிறார். அதே நேரத்துக்கு எனக்குத்தான் விழிப்பு வருகிறது, கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். சிலுவையில் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது, அழிக்கப் போன நம்ம தெரு முனிராஜ் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்கிறான்.

உனக்கும் இந்த ரத்தம்தான். நாற்பது தாண்டியதும் டாக்டரிடம் இந்தக் குடும்பக் கதையைச் சொல்லி, பரிசோதனை எப்போது என்று கேட்டுக்கொள். அங்கே புரோட்டாவும் கறியுமாக வயிறு வளர்க்காதே, சிகரெட் பக்கம் போகாதே. அம்மா கொடுத்த ராகி மாவு மஸ்கட்டுக்குத் திரும்பும் பக்ருதீன் பாய் பையில் வருகிறது. இனி அப்பா பெயரில்: மாதா உன்னைக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா சின்னப்பன்
(கையெழுத்து அவருடையதே)

பி.கு. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார், அதனால் சொல்கிறேன். வக்கீல் வாதம் எல்லாம் ஒன்றும் நடக்கவில்லை அண்ணா. கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதுவிட்டேன். "சரி வாடா, போலாம், மூக்கத் தொடச்சிக்க" என்றார். அவ்வளவுதான்.